லேத் சத்தம் இல்லாத அறையில் ஆறுச்சாமி

ரங்கனுடைய ஆட்டோவில் பழுதில்லாமல் இருந்தது ஹாரன் ஒன்றுதான். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்திலும் ஹாரன், வளைய வேண்டிய இடத்திலும் ஹாரன், எதிரே ஈ காக்கை இல்லாத சாலையில் கட்டைவிரல் சும்மா இருக்கக் கூடாதே என்று ஒரு ஹாரன். எங்கள் மலேசியாவின் ஈப்போ நகரில் இப்படி அடித்தால் முன்னால் போகிறவன் வண்டியை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வந்துவிடுவான். கோயம்புத்தூரில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்குங்க இத்தனை சத்தம்?" என்று கேட்டேன்.

"சத்தமில்லைன்னா வண்டி நின்னுபோச்சுன்னு நெனச்சுக்குவாங்கம்மா," என்றார். அந்த வாரம் முழுக்க நான் படப்போகும் பாட்டை மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

நான் லீலாவதி. மலேசியாவில் முப்பது வருஷம் வானொலித் தயாரிப்பாளராகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். பேட்டி கொடுக்க வருகிறவர்களைப் பழக்குவதுதான் இப்போது என் கைத்தொழில். மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள், மைக்கைக் கண்டால் அதை விடவே மாட்டேன் என்கிறவர்கள், இரண்டு ஜாதியையும் மூன்றே நாளில் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம், "கல்லைக் கொடுத்தாலும் பேச வைத்துவிடுவேன்," என்று பீற்றிக்கொண்டேன். "கல் இருக்கட்டும், முதலில் பெட்டியைப் பூட்டு," என்றார்.

என்னை அழைத்தவள் வித்யா. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் இயங்கும் சின்ன வானொலி நிலையத்தின் பொறுப்பாளர். இணையத்தில் என் வகுப்புக்கு வந்த பெண். விஷயம் இதுதான். கணபதி என்கிற பகுதியில் ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் பதினொரு லேத் பட்டறைகள், மறுபக்கம் வீடுகள். சத்தம் தாங்கவில்லை, பட்டறைகள் ஊரைத் தாண்டிப் பெருந்துறைத் தொழிற்பேட்டைப் பக்கம் போகட்டும் என்று வீட்டுக்காரர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். போக முடியாது என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். சனிக்கிழமை நேரலையில் இரண்டு தரப்பும் பேசுவதைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வார்டு கூட்டத்தில் முடிவு சொல்வதாகக் கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். தரப்புக்கு ஒரு ஆள். இருவரையும் நான் பழக்க வேண்டும்.

"ஒரு பக்கத்துக்கு மட்டும் வாய் இருந்தா அது பேட்டி இல்லீங்க மேடம், அநியாயம்," என்றாள் வித்யா. எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர்கள் தரப்பு. சகுந்தலா டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, வயது அறுபத்தெட்டு. அவர் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் நான் பேனாவை மூடிவிட்டேன். எழுத்துக்கு எழுத்து உச்சரிப்பு, மூச்சு விடும் இடத்தில் மூச்சு. இவருக்கு நான் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஒன்றே ஒன்றுதான் குறை. எல்லாம் பொதுப் பேச்சாகவே இருந்தது: சுற்றுச்சூழல், ஒலி மாசு, நகரத் திட்டமிடல்.

"உங்களுக்குச் சொந்தமா என்ன கஷ்டம் டீச்சர்? கேட்கிறவர்களுக்கு அதுதான் மனசில் நிற்கும்."

"அதெல்லாம் எதுக்குங்க அம்மிணி. சொந்தக் கதையப் பேசறதுக்கா போறோம்," என்று சொல்லித் தட்டில் இன்னும் கொஞ்சம் சந்தகை வைத்தார். நூல் நூலாகப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி. ஈப்போவில் சைக்கிளில் வருகிறவரிடம் இடியாப்பமும் பழுப்புச் சர்க்கரையும் வாங்கித் தின்று வளர்ந்த நாக்கு, தன் ஒன்றுவிட்ட அக்காளைக் கண்டதுபோல் குதித்தது. மூன்று தடவை வாங்கினேன். வெட்கமே இல்லை.

அந்த வேக்காட்டிலும் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார். உள்ளறையில் யாரோ இருமினார்கள். டீச்சர் எழுந்து போய்த் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கேட்கவில்லை. இரண்டு தரப்புக்கும் பொதுவானவள் துருவிக்கொண்டிருக்கக் கூடாது.

சந்தைக் கடந்தால் நேர் எதிரே ஆறுச்சாமியின் கம்பெனி. கோயம்புத்தூரில் நாலு லேத் இருந்தாலும் அது கம்பெனிதான். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிறார்கள். உள்ளே காலை வைத்ததும் என் இரண்டு காதும் விடைபெற்றுக்கொண்டன. ஆனால் வேலை கடிகாரமாக நடந்தது, யாரும் வாயே திறக்காமல். ஆறுச்சாமி கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ வருகிறது. முன்கையில் இரண்டு விரலை வைத்து அளந்தால் அந்த அளவில் கம்பி வருகிறது. உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினால் மோட்டார் நிற்கிறது. நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தைத் தொட்டால், கடைந்த ஷாஃப்டில் பிசிறு எடுக்கிற பெண்களைக் கூப்பிடு என்று அர்த்தம். ஊர் பார்க்க வந்தவள்போல வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தேன். அதோடு சரி, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

புதன்கிழமை அவரை ஸ்டூடியோவில் உட்கார வைத்தேன். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டிய அறை. கதவைச் சாத்தியதும் ஆறுச்சாமியின் நெற்றி வியர்த்தது.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. லைட் எரியுது பாருங்க."

"காது அடைச்சாப்ல இருக்குதுங்க மேடம். லேத் நின்னுபோச்சுன்னா என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். இருபத்தெட்டு வருசப் பழக்கமுங்க. எந்திரிச்சுப் போயி மோட்டாரைப் பாக்கோணும் பாக்கோணும்னே இருக்குது."

அவர் அன்று பேசியது அவ்வளவுதான். கம்பெனியில் எத்தனை பேர் என்று கேட்டேன். பத்து விரலைக் காட்டிவிட்டு மறுபடி நாலு விரலைக் காட்டினார். "ரேடியோவில் விரல் தெரியாதுங்க," என்றேன். தலையாட்டினார். "தலையாட்டுவதும் தெரியாது." அதற்கும் தலையாட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வித்யா மேசைக்கடியில் ஏதோ தேடுகிற பாவனையில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கைகளை நாற்காலிக்கும் தொடைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கையைப் பூட்டியதும் வாயும் பூட்டிக்கொண்டது.

சரி, நம்முடைய வைத்தியத்தைக் காட்டுவோம் என்று, "மூன்று விஷயம், ஒவ்வொன்றும் இருபது விநாடி," என்று எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். செய்தார். பேருந்து நிலைய அறிவிப்புக் குரலில் ஒப்பித்தார். வித்யா எட்டிப்பார்த்து, "சாப்பிட வாரீங்களா?" என்று கேட்டதற்கு, "ஒன்று, எங்கள் தொழிலாளர்கள்," என்று ஆரம்பித்துவிட்டார். தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை அவரே வந்து நின்றார். "மேடம், நீங்க ஒருக்கா அந்தப் பெருந்துறைத் தூரத்தைப் பாக்கோணுங்க," என்றார். கிளம்பினோம். சேலம் பஸ்ஸின் நடத்துநர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "பெருந்துறைக்கு உள்ள போகாதுங்க. பைபாஸ்ல எறக்கி உட்டுருவேன்." எங்கள் ஊர்ப் பேருந்தில் நிறுத்தம் வந்தால் மணி அடிக்கும், இங்கே நடத்துநர் விசிலும் பயணிகளின் மனசாட்சியும்தான். பாதித் தூரம் நின்றுகொண்டே போய், பிறகு ஓட்டுநர் பக்கத்தில் இன்ஜின் மூடிக்கு அருகே இடம் கிடைத்தது. இன்ஜின் கர்ஜித்தது. ஆறுச்சாமியின் முகம் மலர்ந்தது. வாயும் திறந்தது!

"எங்க பொம்பளைங்க காலைல புள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பிப்போட்டு நடந்து வாராங்க. மத்தியானம் ஊட்டுக்குப் போயி சோறுண்டுபோட்டு மறுக்கா வாராங்க. மரகதத்தோட மாமியா படுத்த படுக்கைங்க, நடுவுல ரெண்டு தடவ ஓடிப்போயி பாத்துட்டு வரும். பெருந்துறைல கம்பெனிய வெச்சா இவிங்க எத்தனை மணிக்கு எந்திரிச்சு எத்தனை மணிக்கு ஊடு சேருவாங்க? மிஷினை லாரில ஏத்திப்போடலாமுங்க. இவிங்கள எதுல ஏத்தறது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வாய் எனக்குக் கிடைத்ததில்லை. அலைபேசியில் பதிவு செய்தேன். பிறகு போட்டுக் கேட்டால் ஆறுச்சாமியே இல்லை, இன்ஜின் மட்டும் அருமையான பேட்டி கொடுத்திருந்தது. கேட்ட பரவசத்தில் பைபாஸில் இறங்கும்போது குடையை மறந்துவிட்டேன். குடை சேலம் போனது; நான் வெயிலில் பெருந்துறைவரை நடந்தேன். இளநீர்க்காரர் என் முகத்தைப் பார்த்துக் கேட்காமலே இரண்டு வெட்டினார்.

வெள்ளிக்கிழமை எனக்கு மூளை வேலை செய்தது, அல்லது செய்வதாக நினைத்துக்கொண்டேன். சத்தம்தானே வேண்டும்? காலையில் போய் அவர் கம்பெனிச் சத்தத்தையே பதிவு செய்து வந்து, ஸ்டூடியோவில் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஹெட்ஃபோனில் ஓடவிட்டேன். அற்புதம்! மடை திறந்தது. கொஞ்சம் கத்தினார்தான், ஆனால் பேசினார். வித்யா கட்டைவிரலை உயர்த்தினாள். நான் மனசுக்குள் என் வீட்டுக்காரருக்குச் செய்தி தயாரித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று பேச்சு நின்றது. ஆறுச்சாமி தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டார்.

"மேடம், இது மூணாவது லேத்துங்க. பேரிங் போகப்போகுது."

"அது இருக்கட்டும், நீங்க பேசுங்க..."

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போயேவிட்டார். வெளியே ரங்கனின் ஹாரன் தேய்ந்து மறைந்தது. இரண்டு மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் கிரீஸும் முகமெல்லாம் சிரிப்புமாகத் திரும்பினார். அவர் சொன்னது சரிதான், மாற்றியாகிவிட்டது. அதோடு ஹெட்ஃபோன் வைத்தியமும் முடிந்தது.

சாயங்காலம் சந்துக்குப் போனபோது மரகதம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பையில் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் எட்டிப்பார்த்தன. "எங்க ஓனர் பேசிருவாருங்களா மேடம்? எங்களுக்கு வேற எடத்துல போயி வேலை தேடத் தெரியாதுங்க," என்றார். "பேசிருவார்," என்று கூசாமல் பொய் சொன்னேன். பொய் சொன்ன வாய்க்குச் சமாதானமாகத் தெருவோரத்தில் ஒரு தட்டு காளான் மசாலா வாங்கிக் கொடுத்தேன். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது; காரம் மட்டும்தானா என்று தெரியவில்லை. ஈப்போவிலிருந்து என் வீட்டுக்காரர் தொலைபேசியில் கேட்டார்: "கல் எப்படி இருக்கு?"

"கல்லாவது வைத்த இடத்தில் இருக்கும். இது பேரிங் மாற்றப் போய்விடுகிறது," என்றேன்.

சனிக்கிழமை. மேசைக்கு ஒரு பக்கம் டீச்சர், எதிர்ப்பக்கம் ஆறுச்சாமி, நடுவில் வித்யா. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அந்த நிலையத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. பத்து விநாடி மௌனம் விழுந்தால் ஏதோ பழுது என்று கணினி தானே முடிவுசெய்து பாட்டைப் போட்டுவிடும். பாட்டு வந்தால் பேட்டி போச்சு. டீச்சர் முதலில் பேசினார், வழுக்கிக்கொண்டு போயிற்று. வித்யா திரும்பினாள்.

"ஆறுச்சாமிங்க, உங்க கம்பெனில எத்தனை பேரு வேலை செய்றாங்க?"

ஆறுச்சாமி மைக்கைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கைகள் நான் சொன்னபடி தொடைக்கடியில் இருந்தன. நான் விநாடியை எண்ணினேன். நாலு. ஐந்து. ஏழாவது விநாடியில் இரண்டு கைகளும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. பத்து விரல். பிறகு நாலு. எட்டாவது விநாடி...

"பதினாலு பேருன்னு சொல்றாருங்க," என்றது கணீரென்ற ஒரு குரல்.

டீச்சர்! நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். ஆறுச்சாமி நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தைத் தொட்டு ஒன்பது விரல் காட்டினார். "அதுல ஒம்பது பேரு பொம்பளைங்க," என்றார் டீச்சர். இரண்டு விரல் மேசைமேல் நடந்தது. "எல்லாரும் நடந்து வர்றவங்க." கை தோளுக்குப் பின்னால் வெகுதூரம் வீசப்பட்டது, கனமான ஒன்றைத் தூக்கி ஏற்றி ஸ்டியரிங் பிடித்தது, மறுபடி விரல்களை நடக்கவிட்டு வெறுமையாக விரிந்தது. "பெருந்துறை ரொம்பத் தூரமுங்களாம். மிஷினை லாரில ஏத்தலாம், இவங்கள எதுல ஏத்தறதுன்னு கேக்கறாரு." வகுப்பில் ஒரு மாணவன் விடை தெரிந்தும் விழித்துக்கொண்டு நின்றால் சும்மா இருக்க முடியாத தலைமையாசிரியைப் புத்தி. தன் எதிர்த்தரப்பைத் தன் வாயாலேயே, நான் பழக்கியிருந்தால்கூட வராத தெளிவோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

வித்யா கெட்டிக்காரி. "டீச்சர், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருசமா எதிர்ல இருக்கறனுங்க. அந்தச் சத்தத்துல வேற எப்படிப் பேசறது? சிலிண்டர் வந்திருக்கு, பால் வாங்கி வெய்யி, எல்லாம் ஜன்னல்ல நின்னு கையிலதான்."

ஆறுச்சாமியின் கைகள் மறுபடி அசைந்தன. காற்றில் ஒரு சதுரம். இரண்டு கதவைச் சாத்துவதுபோல். மூன்று விரல். டீச்சர் அதே வேகத்தில் படித்துக்கொண்டு போனார்.

"ஜன்னலை மூணு மாசமா ஏன் டீச்சர் மூடியே வெச்சிருக்கறீங்க, எங்க மேல என்ன கோவம்னு..."

அதற்குள் அது தன்னைக் கேட்ட கேள்வி என்று புரிந்துவிட்டது. நின்றுவிட்டார். நான் மறுபடி எண்ணத் தொடங்கினேன். மூன்று. நாலு.

"கோவமில்ல ஆறுச்சாமி," என்றார். தலைமையாசிரியைக் குரல் எங்கேயோ போய்விட்டது. "எங்க வீட்டு சாருக்கு உடம்பு முடியல. ஆஸ்பத்திரிலிருந்து வந்ததுல இருந்து ராத்திரில பொட்டுத் தூக்கமில்ல. மத்தியானம் சித்த கண்ணசருவாரு. அப்பத்தான் உங்க லேத் ஓடும். அவரைப் பாக்கப் பாவமா இருக்குது. அதான் சாத்திப்போட்டேன்."

அவ்வளவுதான். ஆறுச்சாமிக்கு வாய் வந்துவிட்டது. பதினாலு பேருக்கும் நாலு லேத்துக்கும் மேலே கேட்கிற அந்தக் கம்பெனிக் குரலில், மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில்:

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனுங்களே டீச்சர்!"

ஒலி அளவுமானியின் முள் சிவப்பில் போய் முட்டியது. இடது காது அடைத்துப்போய் ஹெட்ஃபோனைப் பிடுங்கிய நான், அவர் அடுத்துச் சொன்னதை வலது காதில் மட்டும்தான் கேட்டேன். "ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஓட்டறதில்லீங்க. காலைல ஆம்பளைங்க மட்டும் ரெண்டு மணி நேரம் முந்தி வந்து ஆரம்பிச்சுக்கறோம்."

"மத்த பத்துக் கம்பெனியும் ஒத்துக்குவாங்களா?" என்றாள் வித்யா.

"நான் கையக் காட்டுனா நிப்பாட்டிருவாங்க."

எதிர்த்தரப்பின் வாதத்தை ஒருபோதும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்து வருகிறேன். நான் பார்த்ததிலேயே நல்ல பேட்டி அன்றைக்கு நடந்ததுதான். என் பாடத்தில் ஒரு வரிகூட அதில் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. டீச்சரே எழுந்து மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்ல, மற்ற வீட்டுக்காரர்கள் இரண்டு மணி, நாலு மணியை எழுத்தில் கேட்க, பட்டறைக்காரர்கள் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மரகதம் எனக்கு அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்திருந்தார். கூட்டம் நடக்கும்போதே தின்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விடைபெறச் சந்துக்குப் போனேன். மணி இரண்டு. ஆறுச்சாமி வாசலில் நின்று உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினார். பக்கத்துக் கம்பெனிக்காரர் அதையே அடுத்தவருக்குக் காட்டினார். லேத்துகள் ஒவ்வொன்றாக அடங்கின. மரகதமும் மற்றப் பெண்களும் சாப்பிட வீட்டுக்கு நடந்தார்கள். சந்தில் ஒரு காக்கை கத்துவது கேட்டது. ஆறுச்சாமிக்கு வியர்த்தது. இரண்டு தடவை மோட்டாரை எட்டிப்பார்த்தார், கால் மாற்றி நின்றார். நானும் அவரோடு நின்றேன்.

பத்து நிமிடம் கழித்து எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. டீச்சர் எட்டிப்பார்த்து, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

"தூங்கீட்டாருங்களாம்," என்றார் ஆறுச்சாமி.

கிசுகிசுப்பாகச் சொன்னார். மனிதர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் அப்போது மைக் இல்லை.

சந்து முனையில் என்னை விமான நிலையம் கொண்டுபோக வந்த ரங்கன் திரும்பினார். அவருடைய கட்டைவிரல் ஹாரனை நோக்கிப் போவது இங்கிருந்தே தெரிந்தது. ஜன்னலில் டீச்சர், வாசலில் ஆறுச்சாமி, பெட்டியோடு நான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கினோம். ரங்கன் ஆட்டோவை அணைத்துவிட்டு, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்.